பட்டியலில் இரண்டு பேர்

கொட்டாஞ்சேனை மாடிவீட்டுத் தொடரின் பாதுகாப்புக் கமிட்டிக்குக் கொன்ஸ்ரன்ரைன் தலைவரான நாளிலிருந்து, அங்கே சனம் கள்ளனைவிட அவருக்குத்தான் அதிகம் பயந்தது. "கராத்தே எல்லாம் படத்துக்குச் சரி. கதவைத் திறவாதவனுக்குக் கைகால் வீசத் தேவையில்லை" என்று அன்று பின்னேரக் கூட்டத்திலும் முழங்கினார். அந்தந்த வீட்டில் இருப்பவர்கள் என்று பொலிஸில் பதிந்த பெயர்ப்பட்டியலை ஒவ்வொரு கதவின் உட்புறமும் ஒட்டுவித்தவரும் அவரே. பட்டியலில் உள்ள எல்லோரும் உள்ளே வந்துவிட்டால், பிறகு யார் தட்டினாலும் திறக்கக்கூடாது. அவர் வீட்டுப் பட்டியலில் இரண்டே பெயர்கள்: அவர், மனைவி மாக்ரெட்.

கூட்டம் முடிந்து, பேக்கரியில் பாணும் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

"ஆர்?" என்றாள் மாக்ரெட்.

"நான்தான். திற."

"அவர் அப்பவே வந்திட்டார். தேத்தண்ணி குடிக்கிறார். நீர் ஆர்?"

"உனக்கென்ன விசரே? என்ர குரல் தெரியேல்லையே?"

கதவுத் துளையில் அவள் கண் தெரிந்தது.

"இஞ்சருங்கோ, அச்சு அசல் உங்களை மாதிரியே ஒருத்தன் நிக்கிறான்."

"அப்பிடித்தான் வருவாங்கள். திறவாதை" என்றது உள்ளேயிருந்து அவருடைய குரல்.

அவள் பட்டியலை விரலால் தட்டித் தட்டி எண்ணினாள்.

"ரெண்டு பேர். ரெண்டு பேரும் உள்ளுக்குத்தான்."

பிறகு, போன கிழமை அவரே பொருத்துவித்த மேல் தாழ்ப்பாளையும் போட்டாள்.