கை வைக்கக் கூடாத வளைவு

"சார், மாப்பிள்ளை ஆறடி ரெண்டங்குலம். வர்றப்பல்லாம் இந்த வாசல் வளைவுல நெத்தியை இடிச்சுக்கறார். மூணாவது தடவை தையலே போட்டாச்சு. இதை இடிச்சாத்தான் உங்க வீட்டுப் படி ஏறுவேங்கறார். மகளையும் அனுப்ப மாட்டேங்கறார்."

வீட்டுக்காரர் கெஞ்சினார். பழைய நகரத்துத் தெரு அது. ஓர் ஆணியைப் பிடுங்கவும் அனுமதி வேண்டும். அதற்காகத்தான் அதிகாரி நேரில் வந்திருந்தார்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வளைவைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இதை இடிக்க எப்படிங்க மனசு வருது? நூத்தம்பது வருஷமாவது இருக்கும். இந்தக் காலத்துக் கொத்தனார் யாருக்காவது இப்படிக் கை வருமா?"

இடிப்பதற்காக வரவழைத்திருந்த கொத்தனார், பக்கத்தில் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். வீட்டுக்காரர் அவரை முறைத்தார்.

"அவ்வளவு பழசெல்லாம் இல்லீங்க சார்..."

"உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? கை வெச்சா கேஸ்தான். பக்கத்துத் தெருவுல ஒருத்தர் கேக்காம ஒரு சுவர் எழுப்பிட்டு, இப்ப கோர்ட்டுக்கும் வீட்டுக்குமா அலையறார், தெரியும்ல?"

வீட்டுக்காரர் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்.

"மாப்பிள்ளையைக் குனிஞ்சு வரச் சொல்லுங்க" என்றபடி அதிகாரி கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் வீட்டுக்காரர் கொத்தனார் மீது பாய்ந்தார்.

"ஏன்யா, வாசலுக்கு அழகா ஒரு வளைவு வேணும், அனுமதி வாங்கல, பழசு மாதிரியே கட்டுன்னு நாலு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் சொன்னேன். அதுக்காக இவ்வளவு பழசாவா கட்டுவே?"