எட்டாவது அடிக்கட்டை

சரிதாவின் பட்டியலில் முதல் வரியே பலாதான். செஞ்சுளைப் பலா, நாட்டு ரகம், நான்கு கன்று. அதற்குக் கீழேதான் செந்தூரா மா, நாவல், நெல்லி எல்லாம். எது எங்கே நட வேண்டும் என்று, பழைய அடிக்கட்டைகளையும் குறித்து, வீட்டுப் படமும் பின்பக்கத்தில் போட்டு வைத்திருந்தாள்.

தளி ரோட்டு நர்சரியில் ஒட்டுக் கட்டுகிற கங்கப்பன் அதை வாங்கிப் பார்த்தார். நிலம் எங்கே என்று கேட்டார்.

ஜவளகிரி தாண்டி, காட்டோரம், ஒரு ஏக்கர். கம்பெனியில் பத்து வருடம் ஷிப்ட் பார்த்துச் சேர்த்து, அவளும் கணவன் ஹரீஷ்குமாரும் வாங்கி, புதிதாக வீடு கட்டியது. சொல்லும்போது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அதில் தப்பென்ன, உழைத்த காசு.

"பலா வேணாம்மா. எலுமிச்ச வெச்சுக்குங்க."

சரிதாவுக்குச் சுருக்கென்றது. விற்காத எலுமிச்சையை இந்த ஆள் தன் தலையில் கட்டப் பார்க்கிறார். அவளா ஏமாறுவாள்? அந்த மண்ணில் பலா எப்படி வளரும் என்று வீட்டைச் சுற்றி நிற்கிற ஏழு பழைய பலா அடிக்கட்டைகளே சாட்சி. ஒவ்வொன்றும் அண்டா அகலம்.

"ஏழு மரத்தையும் எந்த மடையன் வெட்டுனானோ," என்றாள்.

கங்கப்பன் ஒரு கன்றை எடுத்து ஒட்டுக் கட்டத் தொடங்கினார்.

பலா பழுத்தால் யானை வரும் என்பது அவளுக்கும் தெரியாததல்ல. அதற்குத்தானே ஆளுயரத்துக்கு மேல் மதில் எழுப்பியிருக்கிறது. போன வாரம் மழையில் அதன் பின்பக்கம் சரிந்துவிட்டதையும் சொன்னாள். சிமெண்டைத் தின்றுவிட்டான் என்று மேஸ்திரி மூர்த்தியை ஹரீஷ் வாங்கு வாங்கென்று வாங்கினான். மூர்த்தி திரும்பக் கட்டி முடிக்கும் வரை கூடவே இருப்பதென்று, ஐந்து வயது மகளோடு ஹரீஷ் நேற்றே அங்கு போய்த் தங்கிவிட்டான்.

கங்கப்பன் கையிலிருந்த கன்றைக் கீழே வைத்தார். "செங்கல்லு எந்தப் பக்கம் விழுந்துச்சும்மா? வெளியவா, உள்ளவா?"

உள்ளே. வீட்டைப் பார்த்து. துவைக்கிற கல் வரைக்கும் சிதறிக் கிடந்தது.

வெளியிலிருந்து தள்ளினால்தான் அப்படி விழும். பேனாவை எடுத்து முதல் வரியைக் காகிதம் கிழிகிற மாதிரி அடித்தாள். போதுமா என்று அவரைப் பார்த்தாள்.

அவர் காகிதத்தைத் திருப்பினார். வீட்டுப் படத்தில், படுக்கையறையின் மேல் விரலை வைத்தார்.

"ஏழு இல்லம்மா, எட்டு. எட்டாவது இங்க இருந்துச்சு. ஆனி மாசத்துல அதுதான் மொதல்ல பழுக்கும். ஆனையும் நேரா அதுங்கிட்டத்தான் வரும். எம் பொண்டாட்டி ரங்கம்மா செத்ததும் அதுக்கடியிலதான். மரம் இருந்தாத்தான வரும்னு எட்டையும் நான்தான் வெட்டுனேன். மறு வருசமும் வந்து அங்கியே நின்னுச்சு. அப்பறந்தான் நெலத்த வித்தேன்."

ஆனி பிறந்து பத்து நாள் ஆகிறது.

அஸ்திவாரம் தோண்டும்போது ஜேசிபி ஒரு பெரிய கட்டையைப் பிடுங்கிப் போட்டது சரிதாவுக்கு ஞாபகம் வந்தது.

காலையில் மகள் போனில் சொன்னதும் சேர்ந்தே வந்தது. ராத்திரி முழுக்க ஜன்னலுக்கு வெளியே யாரோ பெரிசு பெரிசாக மூச்சு விட்டார்களாம். அப்பாவின் குறட்டையாக இருக்கும் கண்ணு என்று சொல்லி, இவள் சிரித்திருந்தாள்.