ஒன்பதாம் படி

ஏரிப் படித்துறையில், தண்ணீரிலிருந்து ஒன்பதாவது படியின் ஓரத்தில் ஒரு பெருச்சாளி வளை தோண்டிக் குட்டி போட்டிருந்தது. குட்டிகள் கண் திறக்க இன்னும் ஆறு நாள் ஆகும். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

முதல் நாள் ஒரு படி முழுகியது. மறுநாள் இரண்டாம் படியும் முழுகியது. பெருச்சாளி ஈர மண்ணில் இரண்டு புள்ளி வைத்து, இரண்டையும் சேர்த்து நேராக ஒரு கோடு இழுத்தது.

"நாளுக்கு ஒரு படி. தண்ணி இங்கே வர இன்னும் ஏழு நாள் ஆகும்" என்று பக்கத்து வளை நண்டிடம் சொன்னது.

மூன்றாம் நாள் பார்த்தால் மொத்தம் நாலு படி முழுகியிருந்தது. நண்டு அதற்கும் ஒரு புள்ளி வைத்தது. அது கோட்டில் உட்காராமல் மேலே நின்றது.

"கோடு சரிதான். தண்ணிதான் இன்னிக்கு அவசரப்பட்டுடுச்சு" என்றது பெருச்சாளி.

நான்காம் நாள் மொத்தம் ஏழு படி முழுகியிருந்தது. புள்ளி இன்னும் விலகிப் போனது.

"அக்கா, முதல்ல ஒவ்வொண்ணா ஏறிச்சு, அப்புறம் ரெண்டு, இன்னிக்கு மூணு. நாளைக்கு நாலு ஏறினா என்ன பண்ணுவே?" என்றது நண்டு.

பெருச்சாளி கோட்டைப் பார்த்தது. குட்டிகளைப் பார்த்தது. பிறகு கோட்டை மிதித்துக்கொண்டே ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக் கரைமேல் கொண்டுபோனது.

விடிந்தபோது பதினொரு படி தண்ணீருக்குள் இருந்தது.

பெருச்சாளி கரைமேல் புதிதாகப் புள்ளி வைத்து, மேல்நோக்கி வளைத்து ஒரு கோடு இழுத்தது. "நாளைக்கு அஞ்சு, மறுநாள் ஆறு. கரையே போயிடும், கிளம்பு!" என்று தன்னோடு கரையேறியிருந்த நண்டிடம் சொன்னது.

மழை விட்டிருந்தது. நண்டு தண்ணீரைப் பார்க்கக் கீழே இறங்கியது.