வாயில் கரைந்த பிஸ்கட்

பிஸ்கட்டை வாயில் போட்டதும் கரைந்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்குக்குக் குலை நடுங்கியது.

சந்தேகத்துக்கு இன்னொன்றை எடுத்துப் பாதி கடித்தார். அதுவும் பல்லுக்கு வேலையே வைக்காமல் வெண்ணெய் வாசத்தோடு உள்ளே போனது.

குடி கெட்டது என்று நினைத்துக்கொண்டார்.

நாளைக்குக் கிறிஸ்துமஸ். ஒவ்வொரு வருஷமும் அவர் மனைவி தன் கையால் வெண்ணெய் பிஸ்கட் செய்து, டப்பாக்களில் அடுக்கி, ரிப்பன் கட்டி, கட்டடத்தில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிக் கொடுப்பாள். அந்த பிஸ்கட்டுக்குக் கட்டடத்தில் வேறொரு பெயர் இருந்தது.

செங்கல்.

அது வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், ஜனவரியில் தனக்குக் கூட்டம் தாங்காது என்று கீழ்வீட்டுப் பல் டாக்டர் சொல்வார். மாடி வீட்டுத் தையல்காரம்மா வெட்டிய துணி பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைக்கிறாள் என்று கேள்வி. அந்தக் கட்டடத்து லிஃப்ட்டையும் மெக்கானிக்தான் பார்த்துக்கொள்கிறார் என்பதால் இதெல்லாம் தானாக அவர் காதில் வந்து விழும். அவரும் சிரித்து வைப்பார். வீட்டுக்கு வந்து மூச்சு விடமாட்டார்.

அவளிடம் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தைதான். பிரமாதம்.

அவள் கணக்கு டீச்சர். கண்டிப்பானவள் என்று பெயர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் கதவை அகலத் திறந்து அவளை உட்காரச் சொல்வார்கள். சுற்று முடித்து வந்து, மீதி பிஸ்கட்டை மெக்கானிக் முன்னால் வைத்து, அவர் கடிப்பதைப் பார்த்தபடி எதிரில் உட்காருவாள். அப்போது அவள் முகத்தில் இருக்கும் சந்தோஷம் வேறு எந்த நாளிலும் வராது. ஊர் மெச்சிய பெருமை என்று அவர் நினைத்துக்கொள்வார். அந்தப் பெருமைக்காக அவர் செங்கல்லை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்.

நேற்று குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்தாயிற்று, ரிப்பனும் வாங்கியாயிற்று. நாளைக் காலையில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்த வருஷம் விட்டுவிடலாமே என்றார் மெக்கானிக். அவள் பார்த்த பார்வையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

அவள் கையில் மாவுக்கட்டு, இவர் கையில் மாவு.

ஹாலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல இவர் செய்தார். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்தது, மாவைச் சலித்தது, பிசைந்தது எல்லாம் டீச்சர் சொன்னபடிதான். தட்டை ஓவனுக்குள் தள்ளியதும், நான் சொல்லும்வரை எடுக்கக் கூடாது என்றாள். சொல்வதற்குள் வலி மாத்திரை வேலையைக் காட்டிவிட்டது. உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

எதுவும் அளவுக்கு மீறிச் சூடாவது மெக்கானிக்குக்குப் பொறுக்காது. ஓரம் பொன்னிறமானதும் தட்டை வெளியே எடுத்துவிட்டார். தொழில் புத்தி.

இதைக் கொடுத்தால் யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்காது. வம்பே அதில்தான் இருந்தது. யாராவது ஒருத்தர் வாய் தவறி, இந்த வருஷம் யார் செய்தது என்று கேட்டுவிடுவார். இத்தனை வருஷத்துப் பிரமாதத்தையும் அவள் அந்த இடத்திலேயே நின்று கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுவாள்.

சத்தம் போடாமல் தட்டைத் திரும்ப உள்ளே வைத்துச் சூட்டைக் கூட்டினார்.

ஓவன் கதவு காட்டிக்கொடுத்துவிட்டது. அவள் எழுந்து வந்து, எடுத்ததை எதற்குத் திரும்ப வைத்தீர்கள் என்று கேட்டாள். இன்னும் வேகவில்லை என்றார். மேடையில் அவர் பாதி கடித்து வைத்தது கிடந்தது. மறைப்பதற்குள் இடது கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மென்றாள். மெக்கானிக் பளபளவென்று இருந்த மேடையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் பண்ணாலும் இப்படித்தான் வரும்," என்றாள். "முதல் கிறிஸ்துமஸுக்கு உங்க அம்மா கல்லு மாதிரி ஒண்ணு பண்ணிக் கொடுத்தாங்க. உலகத்துலயே எனக்கு இதுதான் பிடிக்கும்னு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டீங்க. அந்தப் பதத்தைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உங்களுக்கு மட்டும் தனியா பண்ணா ஒரு மாதிரி இருக்குமேன்னு எல்லாருக்கும் அதையே கொடுத்தேன். கட்டடமே சிரிக்குது. சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

இந்தத் தடவை ஊருக்கு இதையே கொடுத்துவிடலாம் என்று சொல்லி, தட்டை வெளியே எடுக்க வைத்தாள். அதிலிருந்து நாலு பிஸ்கட்டை மட்டும் ஒரு சின்னத் தட்டில் பொறுக்கி வைத்து, ஒற்றைக் கையால் திரும்ப ஓவனுக்குள் தள்ளினாள். அது அவருக்கு.

அந்த முதல் கிறிஸ்துமஸன்று அம்மா பக்கத்திலேயே நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காகச் சொன்ன வார்த்தைதான் அது. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் மெக்கானிக் வாயைத் திறந்தார்.

"நாலு எனக்குப் பத்தாது," என்றார். "இன்னும் ரெண்டு வை."