குளிர் நாட்டுப் பாடம்

"அம்மாகிட்ட மூச்சு விடாத" என்று அவன் மகளின் காதில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான், சனிக்கிழமை ஸ்பெஷல் டியூட்டி முடிந்து, நர்ஸான அவன் மனைவி வீட்டுக்குள் நுழைந்தாள். தரையில் விரித்த சார்ட்டின் மேல் குனிந்திருந்த இரண்டு தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. அவன் எதையோ தன் டூல்ஸ் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தான்.

"என்ன நடக்குது இங்க?"

"ஜியாக்ரஃபி புராஜெக்ட்ம்மா" என்றாள் மகள். "ஸ்கூல் மூடுற அன்னிக்கு ஆளுக்கு ஒரு நாட்டைப் பத்திப் பேசணும். அப்புறம் லீவு."

"எந்த நாடு?"

மகள் அட்லஸில் வடக்கு ஓரமாக ஒரு இடத்தில் விரலை வைத்தாள். நர்ஸின் தோளில் கிடந்த பை நழுவி முழங்கைக்கு வந்தது.

"இத்தனை நாடு இருக்க, இதை எடுக்கச் சொன்னது யாரு?"

"அப்பாதான். நான் ஒட்டகச்சிவிங்கி இருக்கிற நாடு கேட்டேன். முடியாதுன்னுட்டாரு."

சந்தேகம் வராமல் என்ன செய்யும்? அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். குளிருக்கும் அவனுக்கும் உள்ள உறவு அந்தப் பெட்டியோடு சரி. அடுத்த தெருவுக்கே நாலு பேரிடம் வழி கேட்டுப் போகிற ஆள், இப்போது புத்தகத்தைத் திறக்காமலே பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"இங்க சாயங்காலம்னா அங்க இப்பதான் மதியம். எழுதிக்கோ. பனி விழுந்தா ரோட்டுல உப்பு தூவுவாங்க."

"உப்பா? எதுக்குப்பா?"

"வழுக்காம இருக்க. பனியில நடந்து பழக்கமில்லாதவங்களும் போவாங்க இல்ல."

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"மூணாவது மாடி அம்மா. அவங்க பொண்ணு அங்கதான் இருக்கு."

"அந்த வீட்டு ஃபிரிட்ஜ் என்ன, வாரா வாரம் படுத்துக்குதா?"

அவன் கலர் பேப்பரை வெட்டினான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்த வீட்டிலும் அது குறுகுறுக்கத்தான் செய்தது.

மகள் இருமினாள். நர்ஸ் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். உதடுகள் சத்தமில்லாமல் எண்ணின. கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு அவன் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்று எழுந்து, கையில் ஒட்டிய பசையைக் கழுவப் போனான்.

குழாய்ச் சத்தம் கேட்டதுமே அவள் டூல்ஸ் பையைத் திறந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அதைத் தொட்டதே இல்லை. ஸ்பேனருக்கும் டெஸ்டருக்கும் நடுவே, பாலித்தீன் உறைக்குள் பத்திரமாக ஒரு ஜோடி கம்பளிக் கையுறை இருந்தது. கருஞ்சிவப்பு, பெண்கள் போடுவது. இருந்த பதற்றத்தில் அளவு பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ஐயோ அம்மா, அது சீக்ரெட்" என்றாள் மகள்.

அவன் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தான். கையுறை சார்ட்டின் மேல் வந்து விழுந்தது. ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு மகளிடம், "நீ போய் பிரஷ்ஷையெல்லாம் நல்லாக் கழுவிட்டு வாடா" என்றான். மகள் போனாள்.

"இது யாருக்கு?" என்றாள் நர்ஸ். "மாடி வீடு, மூச்சு விடாதங்கறது, இந்த நாடு... எங்கிட்ட எதை மறைக்கிறீங்க?"

"மறைக்கிறது நானா?"

அவன் குரலில் கோபமே இல்லை.

"தூக்கத்துல என் கையப் புடிச்சு நாடி பாத்து வாய்விட்டு எண்ணறது கல்யாணம் ஆனதுலேருந்து உனக்குப் பழக்கம். நீ எண்ணுறதைக் கேட்டுக்கிட்டேதான் நான் தூங்குவேன். ஆனா இப்பல்லாம் நீ எண்ணுறது நம்ம பாஷையில இல்ல."

நர்ஸ் சார்ட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் தொடர்ந்தான்.

"ஒருநாள் ஃபோன்ல பதிவு பண்ணி மாடி வீட்டம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். 'இது எம்பொண்ணு இருக்கிற நாட்டுப் பாஷையாச்சே'ன்னாங்க. உன் சனிக்கிழமை டியூட்டி வார்டுல இல்ல, பாஷை கிளாஸ்லன்னு அப்பதான் வெளங்குச்சு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அங்க வேலை கெடைச்சிருச்சு. ரெண்டு வருஷம். இவ பரீட்சை முடியட்டும், சொல்லலாம்னு... சொன்னா போக விடமாட்டீங்கன்னு பயமா இருந்துச்சு."

அவன் கையுறையை எடுத்து அவள் வலது கையில் மாட்டினான். அளவு கச்சிதமாக இருந்தது.

"அப்ப இந்தப் புராஜெக்ட்?"

பிரஷ் கழுவும் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் மெதுவாகச் சொன்னான்.

"உங்கம்மா எங்கன்னு யாராவது கேட்டா, அவளுக்கு விரல் வைக்கத் தெரியணும்ல."