ஜாக்சனின் லாகின்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் வேல்விழி. காலை ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஜாக்சன் அவள் மேசையருகே வந்து நின்றான்.

"மேடம், என் லாகின்ல மட்டும் லைன்ல ஒரு ஆள் அதிகமா காட்டுது."

வேல்விழி அன்றைய ஆட்கள் பட்டியலைத் தன் லாகினில் திறந்து பார்த்தாள். சரியாக இருந்தது. அவனுடையதில் திறந்தபோது கடைசியில் மாரிசெல்வம் என்ற பெயர் இருந்தது. அதே லைனில் வேலை பார்த்த கோவில்பட்டிக்காரன். ஜாக்சன் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். பொங்கலுக்கு முன்பு சுங்குவார்சத்திரத்தில் லாரி மோதி இறந்துபோனான். அவன் பெயருக்கு நேரே இன்றைய உற்பத்தி எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது.

வேல்விழி தேடிப் பார்த்தாள். டேட்டாபேஸில் ஜாக்சனின் லாகினுக்குக் கீழே, எல்லோருக்கும் திறக்கும் பொது அட்டவணையின் பெயரிலேயே இன்னொரு அட்டவணை இருந்தது. அவன் உள்ளே நுழைந்தால் முதலில் அதுதான் திறக்கும்.

"இதை யாரு உண்டாக்கினது?"

"எனக்கு இன்னா மேடம் தெரியும்? அழிச்சுடுங்க. அந்தப் பேரைப் பாக்கவே முடியல."

அதை அழிக்கச் சொல்லிக் கம்ப்யூட்டருக்கு உத்தரவு கொடுத்தாள். அட்டவணையை ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருப்பதால் அழிக்க முடியாது என்று பதில் வந்தது. ஜாக்சனை லாகினிலிருந்து வெளியேறச் சொன்னாள். பிறகு மற்ற எல்லோரையும் வெளியேற்றினாள். மறுபடி கொடுத்தாள். அதே பதில்தான்.

வேல்விழி அந்த அட்டவணையைத் தன் திரையில் திறந்தாள். திரையில் மாரிசெல்வத்தின் எண்ணிக்கை இன்னும் ஒன்று கூடியது.

ஜாக்சன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்.

"விட்ருங்க மேடம். அவன் ஷிஃப்ட் முடியட்டும்."