நத்தை சார்

டெக்லன் சாரின் சாப்பாட்டுக் குச்சிகளிலிருந்து காடை முட்டை நழுவி, தட்டில் முட்டி, மேசை மேல் உருண்டது.

"சார், அது உங்களைப் பாத்துப் பயந்து ஓடுது" என்றான் கி-தே.

மேசையே சிரித்தது. டெக்லன் சாரும் சிரித்தார். இங்கிலீஷ் சொல்லித்தர அயர்லாந்திலிருந்து வந்தவர். கதவில் குனிந்துதான் நுழைவார். சிவப்புத் தாடி. கூச்சம் வந்தால் காதும் அதே நிறம். கொரியாவில் ரொம்ப நாள் இருந்துவிட்டுத்தான் இந்தப் பள்ளிக்கு வந்தார். ஆனாலும் எவர்சில்வர் குச்சி கைக்கு வரவில்லை.

வராவிட்டால் போகட்டும். பிரச்சினை மைதானம்.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் உட்காருவது கி-தேயின் நாலாம் வகுப்பு மேசையில். அங்கே எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகுதான் எழ வேண்டும். அதிலும் பெரியவர் ஸ்பூனைக் கீழே வைக்காமல் சின்னவர்கள் எழுவது நடக்காத காரியம். இவர் முட்டையைத் துரத்தி முடிப்பதற்குள் ஐந்தாம் வகுப்பு போய் கோல் போஸ்ட்டைப் பிடித்துவிடும். அப்புறம் வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை மட்டும் சொர்க்கம். அன்றைக்கு அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்குப் போய்விடுவார். "ம், சீக்கிரம், சீக்கிரம்" என்று கி-தே விரட்டுவான். மேசைக் கோடியில் உட்காரும் சோல்பிகூட "எனக்குப் பசிக்கல" என்று பாதிச் சோற்றைக் கொட்டிவிட்டு வந்துவிடுவாள். மைதானம் கிடைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை கி-தே வீட்டிலிருந்து ஒரு முள்கரண்டி கொண்டுவந்தான். அவன் தங்கச்சியுடையது. பிடியில் கரடி பொம்மை.

"சார், உங்களுக்கு."

எதிரே இருந்த மின்-கு சிரிப்பை அடக்கப் பார்த்து சூப்பைத் துப்பினான்.

டெக்லன் சாரின் காது சிவந்தது. கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நன்றி. ஆனா நான் குச்சியிலயே கத்துக்கிறேன்" என்று அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் ஒரு வேர்க்கடலையைக் கீழே போட்டார்.

"நத்தை சார்" என்றான் கி-தே, அவருக்குக் கேட்கிற மாதிரியே.

மறுநாள் சனிக்கிழமை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கி-தேயின் அம்மா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். ஓக் கொட்டை ஜெல்லி அங்கே பிரபலம். வழுக்கும். குச்சியைக் கொஞ்சம் அழுத்தினால் உடையும், விட்டால் நழுவும். உள்ளூர்க்காரர்களே உடைத்துவிட்டு அசடு வழிவார்கள்.

சமையலறைத் திரையை விலக்கிய கி-தே அப்படியே நின்றான்.

ஜன்னலோர மேசையில் டெக்லன் சார். ஒரு கையில் போன். கண் போனில். இன்னொரு கையிலிருந்த குச்சி ஜெல்லியை ஒவ்வொன்றாக எடுத்து வாய்க்குக் கொண்டுபோனது. ஒன்றுகூட உடையவில்லை. அடுத்து கருப்பு பீன்ஸ். கோழி கொத்துகிற மாதிரி டக் டக்கென்று கிண்ணம் காலி.

கி-தே நேராகப் போய் நின்றான்.

"உங்களுக்குத்தான் நல்லா வருதே, சார்."

போன் மேசையில் விழுந்தது. காது, கழுத்து எல்லாம் சிவப்பு.

"இன்னிக்கு வருது" என்றார்.

"பள்ளிக்கூடத்துல?"

"அங்க வரல."

"ஏன் சார்?"

அவர் போனை எடுத்துப் பைக்குள் போட்டார். "உங்கம்மா சமையல் பிரமாதம்" என்றார். எழும்போது மெதுவாக, "யார்கிட்டயும் சொல்லாத, கி-தே. ப்ளீஸ்" என்றார்.

சொல்லாமல் விடுவானா? எத்தனை நாள் மைதானம் போயிருக்கிறது! திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் போட்டு உடைப்பது என்று முடிவு செய்துகொண்டான்.

திங்கட்கிழமை மறுபடியும் காடை முட்டை. மறுபடியும் நழுவியது. மேசை சிரித்தது. கையும் களவுமாகப் பிடிக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் கி-தே.

அவர் முட்டையைப் பார்க்கவே இல்லை. மேசைக் கோடியைப் பார்த்தார்.

அங்கே சோல்பி தலையைக் குனிந்து ஒரு வாய்ச் சோற்றை மென்றுகொண்டிருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். மென்று மென்று மென்று, அப்புறம்தான் அடுத்த வாய். போன வருஷம் நத்தை என்ற பேர் அவளுக்குத்தான் இருந்தது. மூன்றாம் வகுப்பு முழுக்க அவளைச் சுற்றி நின்று "நத்தை, நத்தை" என்று மேசையைத் தட்டியதில் கி-தேயும் உண்டு.

இந்த வருஷம் யாரும் தட்டவில்லை. எல்லோரும் சாரைப் பார்த்துச் சிரிப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

சோல்பி தட்டைக் காலி செய்து ஸ்பூனைக் கீழே வைத்தாள். அடுத்த நொடி டெக்லன் சாரின் முட்டை சமர்த்தாக வாய்க்குள் போனது.

"முடிஞ்சுது" என்றார். "எழுந்திருங்க."

கி-தே வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

வியாழக்கிழமை வந்தது. சார் இல்லை. தட்டில் கருப்பு பீன்ஸ்.

"டேய், சீக்கிரம்டா" என்றான் மின்-கு. "இன்னிக்குக் கிரவுண்டு நமக்குத்தான்."

சோல்பி அவசரமாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "எனக்குப் பசிக்..." என்று தட்டைத் தூக்கினாள்.

டக். கி-தேயின் குச்சியிலிருந்து ஒரு பீன்ஸ் மேசையில் விழுந்தது. பொறுக்கி எடுத்தான். மறுபடியும் விழுந்தது.

"என்னடா பண்ற?"

"பிடிபட மாட்டேங்குதுடா."

"விட்டுட்டு வாடா. அஞ்சாம் கிளாஸ்காரனுங்க கிளம்பிட்டானுங்க."

"எனக்குப் பசிக்குது. நான் இதைத் தின்னுட்டுத்தான் வருவேன்."

சோல்பி அவனைப் பார்த்தாள். தட்டை மெல்லக் கீழே வைத்து, ஸ்பூனை எடுத்தாள்.

"போடா நத்தை" என்றான் மின்-கு.

கி-தே நிமிரவில்லை. அடுத்த பீன்ஸையும் கீழே போட்டான்.